ஸ்காட்லாந்துச் சேதி மலையேறிய நாள்

1938, தை மாதம், திங்கட்கிழமை. போளூரில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினேன். சந்தவாசலுக்கு மூன்றணா. அங்கிருந்து ஜவ்வாது மலைமேல் பத்து மைல் நடை. புதிய சிலேட்டுக் கட்டையும் பலப்பப் பெட்டியையும் தலையில் சுமந்து கூட வந்தவர் சந்தவாசல் சின்னப்பன்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுமதி வந்துட்ச்சா சார்?" என்றார் பாதி ஏற்றத்தில்.

"இன்னும் வரலைங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு இத்தைத் தூக்கினு வர்றோம்?"

நல்ல கேள்வி. மலைமேல் ஊர்க்காரர்கள், சர்க்கார் அனுமதி வந்துவிடும் என்ற என் பேச்சை நம்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கொட்டகையே போட்டுவிட்டார்கள். இன்னும் தாமதமானால் அதில் சாமை மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். பிறகு பள்ளிக்கூடமாவது மண்ணாவது! சிலேட்டைக் காட்டியாவது அவர்களைப் பொறுக்கச் சொல்ல வேண்டும்.

பிற்பகல் இரண்டு மணி. ஊரே கூடியிருந்தது. 'வரவில்லை' என்று எடுத்த எடுப்பில் சொல்ல நா எழவில்லை. காலேஜ் நாள் முதல் என்னை ஆட்டிவைக்கும் கதையை ஆரம்பித்தேன். ஸ்காட்லாந்தில் கடலோரமாக ஒரு குளிர்ந்த ஊர். ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு, வெளிதேசம் போய்ப் படிக்க வழியில்லாமல் போகவே, சில குருமார் அங்கேயே பாடம் சொல்லத் தொடங்கினார்கள். பட்டம் கொடுக்க உரிமை கிடையாது. பிஷப் துணை நின்றார். போப்பாண்டவரோ அப்போது ரோமில் இல்லாமல் ஸ்பெயின் கரையில் ஒரு கோட்டையில் இருந்தார். அவருடைய அனுமதிப் பத்திரம் கடல் தாண்டி வரவேண்டும். சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"கடைசியில ஒரு நாள் பத்திரம் வந்தது! மணியெல்லாம் அடிச்சாங்க, தீ மூட்டிக் கொண்டாடினாங்க!" என்று கத்தியேவிட்டேன்.

ஊர்க்கவுண்டர் துள்ளி எழுந்தார். "மூட்டுங்கடா தீய!"

மேளம் முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் திருதிருவென்று விழித்தேன்.

சின்னப்பன் காதருகே வந்தார். "இங்க நல்ல சேதிய நேரா சொல்ல மாட்டாங்க சார், கண்ணு பட்டுடும்னு. வேற ஊர்ல நடந்தாப்ல சொல்லுவாங்க. நம்ம அனுமதி வந்துட்ச்சின்னு நெனச்சுக்கினாங்க."

தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்க் கவுண்டரிடம் உண்மையைச் சொன்னேன். மேளம் நின்றது. அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். அழுகை வராத குறைதான் எனக்கு.

அப்போதுதான் உறைத்தது. அந்த ஸ்காட்லாந்து ஊரில் பத்திரம் வருமுன்பே பாடம் தொடங்கிவிட்டதே! நானே சொன்ன கதை!

"தீய அணைக்காதீங்க கவுண்டரே! பிள்ளைங்களக் கூப்பிடுங்க!" என்று சிலேட்டுக் கட்டை அவிழ்த்தேன். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை. நானும் இறங்கியிருக்க வேண்டும். சின்னப்பன் தனியாகக் கிளம்பினார்.

"அனுமதி வந்தா மேல கொண்டாந்து குடுங்க," என்றேன்.

"வர்லன்னா?"

"வர்லன்னாலும் வாங்க. பலப்பம் தீர்ந்துடும்."