தேர் நாளில் ஃபர்ம்வேர் ஏற்றியது

சிதம்பரத்தில் உங்கள் பெரியம்மா வீட்டு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், கட்டைவிரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குச்சி செருகியிருக்கும். பென் டிரைவ் என்று நினைத்து நீங்கள் ஒருமுறை பிடுங்கப் பார்த்து, என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். அது பென் டிரைவ் இல்லை. அந்த வீட்டுப் பொத்தான், விளக்கு, ஃபேன், மணி எல்லாவற்றோடும் கம்பியில்லாமல் பேசுகிற யூஎஸ்பி அடாப்டர். அதை வாங்கிப் பொருத்தியது நான். ஒரு ஆனித் தேரன்று அதைச் சாகடித்ததும் நான்தான். அன்றைக்குத் திரும்பி வரும்போது கடலூர் வரைக்கும் உங்கள் அம்மா பஸ் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். அம்மா ஏன் பேசவில்லை என்று கேட்டீர்கள். தலைவலி என்று சொல்லிவைத்தேன். தலைவலி இல்லை. இப்போது உங்களுக்குப் புரிகிற வயது, அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவன். கடலூரை ஒட்டிய குடிகாடு பக்கம் கம்பெனிகளில் சில வருஷம் ஒப்பந்த வேலை, அதற்குப் பிறகு வீடுகளுக்கு வயரிங். கம்ப்யூட்டர் நான் படித்த தொழில் இல்லை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பெரியம்மாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோனபோது, கட்டிலில் இருந்தபடியே அவர் விளக்கையும் ஃபேனையும் போட்டுக்கொள்ள ஏதாவது செய்ய முடியுமா என்று பெரியப்பா கேட்டார். அவருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. காலையில் போனால் மதியம்தான் வருவார். அதுவரைக்கும் வேலைக்கு வருகிற அம்மா ஒருவர் அடுக்களையில் இருப்பார்.

ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி வாங்கி, அதில் இந்த அடாப்டரைச் செருகினேன். பெட்டி சொன்னால் விளக்கையும் ஃபேனையும் போட்டு அணைக்கிற ரிலேயை ஸ்விட்ச் போர்டுக்குள் வைத்தேன். பெரியம்மாவின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி தலையணை ஓரத்தில் ஒரு பொத்தான். ஒரு தரம் அமுக்கினால் விளக்கு. இரண்டு தரம் அமுக்கினால் ஃபேன். அழுத்திப் பிடித்தால் அடுக்களையில் மணி அடிக்கும். எத்தனை தரம் எது அமுக்கப்பட்டது என்று பெட்டியில் பதிவாகும். அழுத்திப் பிடித்ததுதான் ஜாஸ்தியாக இருக்கும். காபி கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அந்தச் சித்திரையிலிருந்து பொத்தான் அவ்வப்போது ஏமாற்ற ஆரம்பித்தது. மூன்று தரம் அமுக்கினால் ஒரு தரம் கேட்கும். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்திருந்தேன். அடாப்டருக்குள் இருந்த ஃபர்ம்வேர் மட்டும் பழசாகவே இருந்தது. அதையும் புதுப்பிக்கச் சொல்லிப் பெட்டியே எழுதிக் காட்டிற்று.

டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அடாப்டரை லேப்டாப்பில் செருகினால், இது என்ன சாமான் என்று லேப்டாப்புக்குத் தெரிய வேண்டும். அதற்காக லேப்டாப்பில் போடுவது டிரைவர். அடாப்டர் தன் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதி வைத்திருப்பது ஃபர்ம்வேர். புதியதை எழுதுவதற்கு முன்னால் பழையதை முழுசாக அழித்துவிடும். நடுவில் நின்றுபோனால் பழசும் இருக்காது, புதுசும் இருக்காது.

கடலூரில் நம் வீட்டில் அதே மாதிரி இன்னொரு அடாப்டர் இருக்கிறதே, முதலில் அதில் செய்து பார்த்தேன். என் லேப்டாப் யாரோ பயன்படுத்தி விற்றது. பேட்டரி செத்துப்போய், சார்ஜர் வயர் இருந்தால்தான் ஓடும். அடாப்டரைச் செருகியதும் பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் வந்தது. டிரைவரைத் தேடி இறக்கிப் போட்டு, அணைத்து மறுபடி திறந்ததும் முக்கோணம் போய்விட்டது. பிறகு ஃபர்ம்வேர். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிஷம் என் மனசில் அப்படியே தங்கிவிட்டது.

தேரன்று உள்ளூர் விடுமுறை. ஜெராக்ஸ் கடையும் லீவு, வேலைக்கு வருகிற அம்மாவும் லீவு. எல்லோரும் போய்த் தேரும் பார்க்கலாம், நான் இதையும் முடித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெரியம்மா வீடு தெற்கு வீதியிலிருந்து பிரிகிற சந்தில். நாம் போய்ச் சேர்ந்தபோது தேர்கள் கீழ வீதியில் கிளம்பிவிட்டிருந்தன. பெரியப்பா உங்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். உங்கள் அம்மா தயங்கினார். நான் இருக்கிறேன், இரண்டு நிமிஷ வேலை, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று நானே அனுப்பினேன்.

அடாப்டரைப் பெட்டியிலிருந்து கழற்றி லேப்டாப்பில் செருகினேன். பெரியம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேரு வருது தம்பி. கரண்ட்ட புடுங்கிடுவாங்க. அப்புறமா பண்ணிக்கக் கூடாதா?"

"நடராஜர் தேரு இன்னும் கீழ வீதிய தாண்டலக்கா. ரெண்டு நிமிஷந்தான்."

"சாமியே தேர்ல ஏறுனா எறங்க சாயங்காலம் ஆவுது. உனக்கு மட்டும் எந்த ஊரு ரெண்டு நிமிஷம்?"

அவர் சொன்னது சரி. தேர் வரும் வீதியில் மேலே கம்பி தட்டும் என்று மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் நான் பெரிய தேரை வைத்துக் கணக்குப் போட்டேன். சிதம்பரத்தில் ஐந்து தேர். பிள்ளையார் தேர்தான் முன்னால் வரும். மின்சாரத்தை அதற்காக நிறுத்துவார்கள், நடராஜர் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். கட்டிலில் படுத்தபடியே ஆனியிலும் மார்கழியிலும் தேர்ச் சத்தத்தை மட்டும் கேட்கிற பெரியம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. வயர்மேன் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் நான். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பிளக் இன்வெர்ட்டர் லைன். ஜன்னல் பக்கத்துப் பிளக் நேர் லைன், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். நாற்காலி ஜன்னல் பக்கம் இருந்தது, சார்ஜர் வயரும் குட்டை. அதிலேயே செருகிவிட்டேன்.

அழித்து முடித்து, எழுத ஆரம்பித்து, நாற்பது சதவீதத்தைத் தாண்டிய சமயம் திரை கறுத்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லேப்டாப் மட்டும் செத்துக் கிடந்தது. வெளியே மேளச் சத்தம் பக்கத்தில் கேட்டது.

வயரை இன்வெர்ட்டர் பிளக்குக்கு மாற்றி லேப்டாப்பைத் திறந்தேன். டிரைவர் சரியாகத்தான் இருந்தது. அடாப்டர் செருகியிருப்பது லேப்டாப்புக்குத் தெரிந்தது. ஆனால் எழுதப் போனால் பதிலே இல்லை. தன் வேலை என்னவென்று அதற்கே தெரியாத நிலை. ஐந்தாறு தரம் முயன்றேன். இந்த மாதிரி ஆனால் அதன் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற கடுகளவு பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி செருக வேண்டும் என்று செல்போனில் தேடிப் படித்தேன். படிக்கிற பக்கம் இறங்கவே வெகுநேரம் ஆனது. தேர்க் கூட்டத்தில் சிக்னல் இல்லை.

இதற்கிடையில் பெரியம்மா தலையணை ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடிப்பதைப் பார்த்தேன். கொஞ்சம் விட்டு மறுபடி. சரியாகிவிட்டதா என்று சோதித்துப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "இன்னும் ஆவலக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஃபேன் கூட்டட்டுமா என்றேன். வேண்டாம். நான் மறுபடி லேப்டாப் பக்கம் திரும்பிவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்துச் சொன்னார்.

"தம்பி, உம் பொண்டாட்டிய கொஞ்சம் வரச் சொல்லு."

"என்னாக்கா, எங்கிட்ட சொல்லுங்க."

"அவள வரச் சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் அம்மாவுக்கு போன் போட்டேன். மணியே போகவில்லை. பெரியப்பாவுக்குப் போட்டேன், அதுவும் அப்படியே. செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். சந்து முனையில் மனிதத் தலைகளாக இருந்தது. வடத்துக்கு அந்தப் பக்கம் நீர்மோர்ப் பந்தலில் உங்கள் அம்மா நின்றுகொண்டிருந்தார். நீங்கள் இருவரும் பெரியப்பா பக்கத்தில் ஆளுக்கொரு ஊதல் வைத்து ஊதிக்கொண்டிருந்தீர்கள். நான் கையை ஆட்டியதை உங்கள் அம்மா தேர் பார்க்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, பதிலுக்குக் கையை ஆட்டினார். பிள்ளையார் தேர் எங்கள் நடுவில் மெதுவாகப் போனது. அது போகும்வரை நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

உங்களைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வீடு வந்து சேர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்த உங்கள் அம்மா, என்னை வெளியிலேயே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். வாசலில் நின்றேன். உள்ளே பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து உங்கள் அம்மா ஈரப் படுக்கை விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் பின்பக்கம் போனார். திரும்பி வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அந்த மணி எதுக்குன்னு நெனச்சீங்க?"

காபிக்கு என்று நினைத்ததை நான் சொல்லவில்லை.

"ஒரு ஆம்பளகிட்ட அக்கா எப்டிங்க கேப்பாங்க? அதுக்குத்தான அந்தப் பொத்தான்."

நான் அந்தப் பொத்தானைப் பொருத்தி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அது எதனோடு பேசுகிறது, எந்த அலைவரிசையில் பேசுகிறது, பேட்டரி எத்தனை மாசம் வரும், எல்லாம் தெரியும். ஒரு நாளில் ஏழெட்டு தரம் அழுத்திப் பிடித்த பதிவை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வாய் திறந்து யாரிடமும் கேட்காமல் ஒரு பொம்பளையை மட்டும் கூப்பிட்டுக்கொள்ள அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. லேப்டாப்பை ஜன்னல் பக்கத்துப் பிளக்கில் செருகி, அதைத்தான் நான் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்தது வேலை மட்டும்தான். கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். மூடியைக் கழற்றச் சின்ன ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், நான் கொண்டுவரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல் என்று பெரியம்மா உள்ளிருந்து உங்கள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். கண்ணாடிக் கடையில் கொடுத்ததாம். மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த பொத்தானை நகத்தால் அமுக்கிப் பிடித்தபடி செருகினேன். இரண்டு தரம் கை நழுவியது. மூன்றாவது தரம் லேப்டாப்புக்குப் பதில் வந்தது. எழுத ஆரம்பிக்கும் முன் சார்ஜர் எந்தப் பிளக்கில் இருக்கிறது என்று எழுந்து போய்ப் பார்த்தேன். தெரிந்தும் பார்த்தேன். நூறு வரைக்கும் ஓடியது. சரிபார்த்ததாகவும் காட்டியது.

அடாப்டரைப் பெட்டிக்குக் கொண்டுபோய்ச் செருகினேன். வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்கிற விவரத்தைப் பெட்டி தன்னிடம் ஒரு பிரதி வைத்திருந்தது. அதை அடாப்டருக்கு மறுபடி கொடுத்தது. பட்டியலில் விளக்கு வந்தது, ஃபேன் வந்தது, அடுக்களை மணி வந்தது. பொத்தான் மட்டும் வரவில்லை. அடாப்டர் இல்லாத நேரத்தில் அத்தனை தரம் அமுக்கியதில் அது தொடர்பை விட்டுவிட்டிருந்தது. அதை மட்டும் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

அறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டேன். பெரியம்மா வேறு புடவையில் இருந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு எம்மேலதாங்க்கா."

"நான்தான் சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"இனிமே இதுல கைய வைக்கிறதுன்னா எங்கிட்ட கேட்டுட்டு வை. அவருகிட்ட கேக்காத. எங்கிட்ட கேளு. அன்னிக்கு வீட்ல பொம்பளைங்க யாரு இருக்காங்கன்னு பாத்து நான் சொல்றேன்."

சரி என்றேன். பொத்தானைச் சேர்க்க, அதன் முதுகில் இருக்கிற சின்னக் குழியை ஐந்து விநாடி அழுத்த வேண்டும். நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. எப்படி என்று மட்டும் சொல்லச் சொன்னார். பொத்தானை இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சொருகி நிறுத்தி, இடது கையில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக் குழியில் வைத்தார். முதல் தரம் வழுக்கிவிட்டது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்து சொன்னதும் பொத்தானில் நீல விளக்கு மினுக்கியது. பெட்டியில் அதன் பெயர் வந்தது.

பெரியம்மா அதைத் திருப்பி, ஒரு தரம் அமுக்கினார். விளக்கு எரிந்தது. இரண்டு தரம் அமுக்கினார். ஃபேன் நின்று, மறுபடி அமுக்கியதும் சுற்றியது. பிறகு அழுத்திப் பிடித்தார். அடுக்களையில் மணி அடித்தது. உங்கள் அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தமும், அவர் நடந்து வருகிற சத்தமும் கேட்டன.

சோதித்துப் பார்க்க அடித்தாரா, நிஜமாகவே கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.