சத்தம் போடாத பெட்டி

ஏசி மெக்கானிக் பால்கனியில் உட்கார்ந்து, வளைந்து மடங்கிய அலுமினியத் தகடுகளைச் சீப்பு போன்ற ஒரு கருவியால் ஒவ்வொரு வரிசையாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஏசியின் வெளிப்பெட்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பாகம் அது. பால்கனியில் கால் வைக்க இடமில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த மகள் போனைப் பார்த்து ஒரு பட்டியலை உரக்க வாசித்தாள்: எத்தனை ஜிபி ரேம், எந்த பிராசசர், எந்த கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் "ம்" கொட்டினார்.

"அப்பா, ஏதாவது புரியுதா?"

"ம்."

"இப்ப என்ன சொன்னேன்?"

"கம்ப்யூட்டர் வேணும்னு சொன்ன."

அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி மாடிப்படியின் கைப்பிடியில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இன்னும் எட்டு வாரம் காலை ஊன்றக் கூடாது. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மருத்துவர் எழுதிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்ய வைப்பது. கடைசி வேலைதான் பெரும்பாடு. "நாளைக்கு ரெண்டு மடங்கா செய்றேன் நர்சம்மா" என்று தினமும் ஏமாற்றுவாள்.

அவளுடைய வகுப்புத் தோழிகள் முதல் வாரம் இரண்டு முறை வந்தார்கள். பிறகு வரவில்லை. குற்றம் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் தினமும் மாலை ஐந்து மணிக்கு அவர்கள் எல்லோரும் ஒரு கணினி விளையாட்டில் கூடுகிறார்கள். கடலுக்கடியில் கோட்டை கட்டிக் காப்பாற்ற வேண்டிய ஆட்டம். ஒரு குழுவுக்கு நான்கு பேர். ஓர் இடம் காலியாக இருந்தது. சனிக்கிழமை மாலை வரை இவளுக்காகப் பிடித்து வைப்பார்கள். அதற்குள் வராவிட்டால் பக்கத்து வகுப்புப் பெண் சேர்ந்துவிடுவாள். போனில் அந்த ஆட்டம் ஓடாது. எட்டு வாரம் தனியாகக் கிடப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. அன்று வியாழக்கிழமை.

அவரைத் தெருவில் எல்லோரும் 'கூலிங்' என்பார்கள். பிரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவர். பதினைந்து வயதில் தொழிலுக்கு வந்தவர். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் முதலில் உள்ளங்கையை வைப்பார், பிறகு காதை வைப்பார். மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்த மூன்று மணி நேரமும் மருத்துவமனை நடைபாதையில் நின்று மேலே ஓடிய ஏசியையே கேட்டுக்கொண்டிருந்தாராம். மருத்துவர் வெளியே வந்து "நல்லபடியா முடிஞ்சது" என்றதும், "ரொம்ப நன்றி டாக்டர், உங்க ஏசில கேஸ் கம்மியா இருக்கு" என்றாராம். அவர் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். இதை அபிநயத்தோடு சொல்லிக் காட்டுவார். "ஊரையே குளிர வைக்கிறாரு. எங்க வீட்டு பிரிட்ஜ் கதவு மட்டும் கயித்துல நிக்குது" என்பதையும் சேர்த்துக்கொள்வார்.

ஒதுக்கி வைத்திருந்த தொகைக்குப் புதுக் கணினி வராது. பழையதுதான். வெள்ளிக்கிழமை மதியம் கடைக்குப் போனார். மகள் எழுதிக் கொடுத்த பட்டியல் சட்டைப் பையில் இருந்தது; 'கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்' என்று இரண்டு கோடு போட்டிருந்தாள். அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை. லிஸ்ட் யார் வேண்டுமானாலும் எழுதலாம், மெஷின் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. ஐந்தாறு பெட்டிகளை ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தார், காது வைத்துப் பார்த்தார். இருப்பதிலேயே குளிர்ச்சியான, சத்தமே இல்லாத ஒன்றை மானிட்டரோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

"கைய வச்சுப் பாருங்க நர்சம்மா. தூங்குற கொழந்த மாதிரி இருக்கு."

வைத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு ஆட்டம் திறந்தது. கடல் வந்தது, நின்றது. ஒரு மீன் பாதி உடம்போடு அந்தரத்தில் தொங்கியது. அரை நிமிடம் கழித்து வேறு இடத்தில் முளைத்தது. ஹெட்போனில் தோழிகளின் கூச்சல் எனக்கே கேட்டது: "ஏய், ஏன்டி தூண் மாதிரி நிக்கிற? சுறா வருது!" சுறா வந்துபோனதை இவள் பார்க்கவே இல்லை. பார்த்தபோது செத்திருந்தாள்.

ஹெட்போனைக் கழற்றி மெத்தையில் வைத்தாள். அழவில்லை. "அப்பா, இது ஆபீஸ்ல கணக்கு எழுதுற கம்ப்யூட்டர். படம் வரைய இதுக்குள்ள கார்டே கிடையாது" என்றாள்.

"சத்தமே இல்லையேம்மா..."

"வேலையே செய்யல, சத்தம் எப்படி வரும்?"

அவர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "ஒரு பிரிட்ஜ் நல்லா வேலை செய்யுதான்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"உள்ள பொருளை வச்சு ஓடவிட்டு, பின்னாடி தொட்டுப் பார்ப்பேன். உள்ள குளிரணும்னா முதுகு சுடணும்."

"முதுகு சுடலைன்னா?"

அவர் பெட்டியின் முதுகைத் தொட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "கம்ப்ரசர் ஓடாத பிரிட்ஜைத் தொட்டுப் பார்த்து நல்லா இருக்குன்னு வாங்கிட்டு வந்திருக்கேன். கடைப் பையன் செஞ்சிருந்தா செவிட்டுலயே விட்டிருப்பேன்."

மகள் சிரித்துவிட்டாள். அவர் மனைவி சமையலறையிலிருந்து, "என்னங்க, கயிறு இன்னும் மிச்சம் இருக்கு, அதையும் கட்டிரலாமா?" என்றார்.

மூன்று நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை வேன் ஓடாது, மனைவி வீட்டில் இருந்தார். "நீங்களும் வாங்க, நீங்கதான் கேள்வி கேக்குற ஆளு" என்று கூலிங் என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

இந்த முறை பட்டியல் முதலில் மேசைமேல் வந்தது. கார்டு உள்ளவை, இவர் தொகைக்குள் அடங்குபவை என்று இரண்டுதான் தேறின. ஒன்று கண்ணாடிப் பக்கங்களோடு, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு எரிந்தது. மற்றது கீறல் விழுந்த கறுப்புப் பெட்டி. அதன் விசிறி மாவு மில்லைப் போல் இரைந்தது.

"ரெண்டுலயும் அதே ஆட்டத்தைப் போடுங்க தம்பி. அரை மணி நேரம் ஓடட்டும்."

"அரை மணி நேரமா? அண்ணே, எல்லாரும் லைட்டைப் பாத்துதான் வாங்குவாங்க."

"எனக்கு வீட்ல லைட் இருக்கு."

அரை மணி நேரம் நாங்கள் இருவரும் கடல் பார்த்தோம். முதலில் படம் இரண்டிலும் தடங்கலின்றி ஓடியது. பிறகு விளக்குப் பெட்டியின் மீன்கள் தயங்கத் தொடங்கின. அவர் அதன் கண்ணாடியில் என் கையை வைத்தார். சுட்டது. பின்பக்கம் வைத்தார். காற்றே இல்லை. கறுப்புப் பெட்டி நேர்மாறு: பக்கவாட்டில் வெதுவெதுப்பு, பின்னால் சூடான காற்று ஓங்கி அடித்தது.

"காய்ச்சல்காரன் வியர்க்கிற மாதிரியா?" என்றேன்.

"அதேதான். சூடு வரட்டும், வந்தா வெளிய போகணும். அங்க உள்ளயே உக்காந்திருக்கு."

"அப்ப இந்த இரைச்சல்?"

விசிறியை நிறுத்திவிட்டு விளக்கடித்துக் காட்டினார். ஓர் இறக்கையில் மட்டும் தூசி கெட்டியாக அப்பியிருந்தது. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அதிரும், அவ்வளவுதான். அதைக் கடைக்காரரிடம் சொல்லாமல் இரைச்சலை மட்டும் சொல்லிக் கொஞ்சம் விலையும் குறைத்தார். கடைக்காரருக்கு அந்தப் பெட்டி தொலைந்தால் போதும் என்றிருந்தது.

வீட்டில் பெட்டியைத் திறந்து தூரிகையால் தூசி தட்டினார், பிராசசரின் மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துப் புதிது தடவினார். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது மூடினார். அப்போது இரைச்சல் போய் ஒரு சீரான மூச்சு மட்டும் கேட்டது.

ஐந்து மணிக்கு மீன்கள் முழு உடம்போடு நீந்தின. "வந்துட்டியாடி? கிழக்குச் சுவரைப் பிடி, ஓடு!" என்றது ஹெட்போன். இவள் ஓடினாள். இரண்டு வாரத்தில் அவள் ஓடி அன்றுதான் பார்த்தேன். முதல் சுறா அவளைத் தின்றது. இரண்டாவதை அவள் கொன்றாள். ஆறு மணிக்கு இடம் உறுதி என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு முதல் தினமும் ஐந்து முதல் ஆறு வரை.

மறுநாள் காலை நான் போனபோது கூலிங் கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தார். பெட்டியின் சூடான காற்று மகளின் காலில் படாமல் ஜன்னல் பக்கம் போக வேண்டும் என்றார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு முழம் தள்ளினோம். சுவரில் ஒட்டியிருந்த என் பயிற்சி நேர அட்டையை மகள் எடுத்து வைத்திருந்தாள். மாலை ஐந்து மணிப் பயிற்சியை அடித்துவிட்டுக் காலை ஒன்பது என்று எழுதியிருந்தாள்.

"இன்னிக்கே ஆரம்பிக்கணுமா?" என்றேன்.

"மணி ஒம்பதாகப் போகுது நர்சம்மா, கதை பேசாம தலைகாணிய எடுங்க" என்றாள்.

முழங்காலுக்குக் கீழே தலையணையை வைத்து எண்ண ஆரம்பித்தேன். இருபது முறையும் செய்தாள். பதினாறாவதில் என்னை வாய்விட்டே திட்டினாள். எண்ணிக்கையில் நான் எதையும் குறைக்கவில்லை.