பொடனிக்குப் பின்னால் ஒரு கை

ஓசூர் பேருந்து நிலையத்தில் கிருஷ்ணகிரி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் பின்னால் வந்து என் பொடனியில் (பிடரியில்) ஓங்கி ஒன்று போட்டார். கோபத்தில் இல்லை, பாசத்தில். "தலைவா, டிவில பாக்குற மாதிரியேதான் இருக்கற!" என்றார். இது எனக்குப் புதிதல்ல. எங்கள் பக்கத்தில் என்னைக் கண்டால் யாரும் கும்பிட மாட்டார்கள், கை கொடுக்க மாட்டார்கள். பொடனியில் தட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். அப்படிப் பழக்கிவைத்தவன் நான்தான்.

அன்றைக்குப் புதிதாக இருந்தது வேறு. அடி விழுந்ததும் கழுத்திலிருந்து முதுகு வழியாக இரண்டு கால்களுக்கும் கரண்ட் பாய்ந்தது. கால்கள் மடங்கி, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்தேன். எழுந்திருக்க வழக்கத்தைவிட நேரமானது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது தலை குனியும்போது முதுகில் மின்சாரம் ஓடுவதுபோல் இருந்தால், தயவுசெய்து வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். நான் அப்படித்தான் படுத்தேன். அப்படி வீணாய்ப் போன காலம் திரும்பி வரவே இல்லை.

என் பெயர் மாதேஷ். நகைச்சுவை நடிகன். கதாநாயகனுக்கு நண்பனாக வரும் அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. அந்த நண்பனிடம் அடி வாங்குகிற ஆள். பெயரைச் சொன்னால் தெரியாது. 'பொடனி மாதேஷ்' என்றால் "அட, இவனா" என்பீர்கள்.

நடிக்க வருவதற்கு முன்னால் ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மேடை போடுவார்கள். அங்கேதான் நானும், என்னோடு அதே ஷிப்டில் இருந்த முனிராஜும் முதல் முதலில் ஏறினோம். நாடகத்தில் அவன் சூப்பர்வைசர், நான் ஹெல்பர். அவன் தமிழில் கேட்டால் நான் தெலுங்கில் பதில் சொல்வேன். தெலுங்கில் கேட்டால் கன்னடத்தில் சொல்வேன். மூன்று மொழியிலும் கேட்டு ஓய்ந்துபோய்ப் பொடனியில் ஒன்று போடுவான். அடி விழுந்த பிறகு ஒரு நொடி ஒன்றுமே நடக்காதவன் மாதிரி நிற்பேன். அப்புறம் மெதுவாகத் திரும்பி அவனைப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் கால் மடங்கும்.

ஓசூரில் மூன்று மொழிக்கும் சிரித்தார்கள். சென்னையில் டிவி நிகழ்ச்சிக்குப் போனபோது தெலுங்கும் கன்னடமும் அங்கே எடுபடவில்லை. அந்த ஒரு நொடிக்குத்தான் சிரித்தார்கள். டைமிங் என்று பாராட்டினார்கள். அந்த ஒரு நொடியை வைத்துத்தான் படங்கள் வந்தன, வீடு வந்தது, ஊத்தங்கரையிலிருந்து செல்வியைப் பெண் கொடுத்தார்கள். முனிராஜ் ஆரம்பத்தில் பட்டும் படாமலும்தான் தட்டுவான். "நல்லாப் போடுடா, மைக்குக்குக் கேக்கணும்" என்று சொன்னது நான்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார், என் அப்பா. பாரூரில், ஏரிப் பாசனத்து வயல்களில் காலமெல்லாம் கூலி வேலை செய்தவர். நான் முதல் தடவை டிவியில் வந்த அன்று தெருவே கூடிப் பார்த்தது. அவர் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"அடி வாங்கக் கூடாதுன்னுதான்டா உன்னக் கம்பெனிக்கு அனுப்புனேன்" என்றார்.

"அது நடிப்புப்பா. சும்மா."

"கை நெசந்தான?"

பெரியவருக்குச் சினிமா புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் டிவியில் வருகிற நேரத்தில் அவருக்கு வெளியே ஏதாவது வேலை இருக்கும்.

பேருந்து நிலையத்துக்குப் பிறகு சின்னச் சின்னதாகத் தொடங்கியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. விரல்கள் இருக்கின்றன, ஆனால் யாரோ இரவல் கொடுத்த விரல்கள் மாதிரி. படப்பிடிப்பில் டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார், அதையும் காட்சியில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் செருப்பு ஒன்று கழன்று, ஒற்றைச் செருப்போடு செட்டைச் சுற்றி வந்தேன். அதற்கும் சிரிப்பு. சாதாரண மனிதனுக்கு இதெல்லாம் நடந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவார்கள். எனக்குக் கைதட்டல் கிடைத்தது. கைதட்டல் கிடைக்கிற ஒன்றை எந்த நடிகன் வைத்தியரிடம் காட்டுவான்?

செல்விக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "பொத்தானுக்கும் நடிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிடுவாள். அவள் சொல் பொறுக்காமல், தளிப் பக்கத்தில் சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் போனேன். அவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சொடுக்குச் சொடுக்கினார். மறுநாள் காலை என்னால் நேராக நடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். இதைப் படிப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: கை மரத்து, நடை தள்ளாடும் ஒருவரின் கழுத்தைத் திருப்ப யாரையும் விடாதீர்கள்.

பெங்களூரு ஆஸ்பத்திரியில் நரம்பு அறுவை மருத்துவர் என் முழங்காலில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் எகிறி அவர் மேஜையை உதைத்தது. அவர் கன்னடக்காரர், தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

"செருப்பு கழண்டா தெரியுதா?"

"தெரியல டாக்டர். திரும்பிப் பாத்தாத்தான் தெரியுது."

எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் உடலுக்குள் படம் எடுக்கும் ஸ்கேன்) படத்தைக் காட்டினார். வெள்ளைக் கயிறு மாதிரி இறங்கிவந்த தண்டுவடம் கழுத்தில் மட்டும் நசுங்கி இருந்தது. செர்விகல் மைலோபதி (கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்படுவதால் கைகால்களின் வலுவும் உணர்வும் குறைவது) என்றார். "ஆக்சிடென்ட் ஏதாவது? கழுத்துல அடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி சொன்னாள்: "இவருக்கு வேலையே அதுதாங்க டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. செல்வி போனில் என் காமெடி ஒன்றைப் போட்டுக் காட்டினாள். நர்ஸ் பெண் என்னை அடையாளம் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மருத்துவர் முழுவதையும் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. மறுபடி போடச் சொன்னார். அப்பாவுக்குப் பிறகு என் காமெடியைச் சிரிக்காமல் பார்த்த ஆள் அவர்தான்.

"உங்களுக்குத் தண்டுவடம் போற பாதை பிறவியிலேயே கொஞ்சம் ஒடுக்கம். எலும்புத் தேய்மானமும் இருக்கு. அடி மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா ஒடுக்கமான பாதையில இவ்வளவு அடி. வேண்டாம்."

"ஆபரேஷன் பண்ணா பழையபடி ஆயிடுமா?"

"இனிமேல் கெட்டுப் போகாம நிறுத்தலாம். போனது கொஞ்சம் திரும்பும். முன்னாடியே வந்திருந்தா இன்னும் திரும்பியிருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் குற்றம் சொல்கிற தொனியில் சொல்லவில்லை. ஆனாலும் கார் நிறுத்தம் வரைக்கும் அதையே எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

லாமினெக்டமி (தண்டுவடத்துக்கு மேல் கூரைபோல் இருக்கும் எலும்பை எடுத்து நெருக்கத்தைக் குறைப்பது) செய்து, கழுத்து எலும்புகளைத் திருகாணி போட்டு இணைத்தார்கள். அறுவையை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. பிறகு வரும் மாதங்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். விரல்களுக்குப் பயிற்சியாகப் பச்சைப் பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். செல்வி எதிரே உட்கார்ந்திருப்பாள். நான் சிந்தியதைக் கூட்டி அன்றைய குருமாவில் சேர்த்துவிடுவாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரளவு திரும்பின. மற்றவை இன்னும் இரவல்தான்.

டிஸ்சார்ஜ் அன்று மருத்துவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். "அந்த இடத்துல இப்ப எலும்பு இல்ல. தோல், சதை, அதுக்குக் கீழ தண்டு. யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு அடி போதும், கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாது."

சொல்வது சுலபம். ஒரு மாவட்டத்துக்கே என் பொடனியில் தட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கழுத்துப் பட்டையோடு தெருவில் இறங்கினால் புதுப்படத்துக் கெட்டப் என்று நினைத்து, இன்னும் உற்சாகமாகக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். அதனால் செல்வி எனக்குப் பின்னால், ஒட்டினாற்போல் நடக்கத் தொடங்கினாள். மளிகைக் கடை, கோயில், எங்கே போனாலும் அவள் உள்ளங்கை என் பொடனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இரண்டு முறை அந்தக் கையில் அடி விழுந்திருக்கிறது. "நல்லவேளை, என் கையில மைக்கு இல்ல" என்றாள் ஒரு தடவை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

முனிராஜ் பார்க்க வந்தான். ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானா மச்சான்?" என்றான் கடைசியில்.

"இல்லடா. பாதை ஒடுக்கமாம்."

"நா மெதுவாத்தான் போட்டுட்டு இருந்தேன். நீதான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அவன் முடிக்காதது சரிதான் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருடம் கழித்து அதே டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். கை படவே படாது, சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கழுத்து திரும்பாவிட்டாலும் பரவாயில்லை, உடம்போடு திரும்பினால் அதுவும் காமெடிதான் என்றார்கள். செல்வி வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பட்டாணி பொறுக்குவதற்காகவா நான் நடிகன் ஆனேன்?

செட்டில் முனிராஜ் என் பின்னால் நின்றான். மூன்று மொழியும் நன்றாகவே போயிற்று. அவன் கை மேலே ஏறியது. ஒரு முழம் தள்ளியே நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கை கிளம்பும்போதே என் தோள்கள் காதுவரை ஏறிவிட்டன, கண்கள் இறுகின. மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதேதான். எத்தனை தடவை எடுத்தாலும் என் உடம்பு முந்திக்கொண்டது. முன்பு என்னுடைய ஒரு நொடி அடிக்குப் பிறகு இருந்தது. இப்போது அது அடிக்கு முன்னால் வந்துவிட்டது. முன்னால் வந்தால் அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

"சார், நிஜமாப் பயப்படுறீங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றார் இயக்குநர், சின்ன வயதுக்காரர். மானிட்டரில் போட்டுக் காட்டினார்.

பார்த்தேன். தோள் ஏறி, கழுத்து உள்ளே போய், உடம்பு ஒரு பக்கமாக ஒதுங்கிய அந்த மனிதனை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான் இல்லை, என் அப்பா. பக்கத்தில் யார் கை தூக்கினாலும், ஈ ஓட்டத் தூக்கினாலும், அப்பாவுக்கு உடம்பு அப்படித்தான் ஒடுங்கும். பள்ளிக்கூடத்தில் நான் முதன்முதலில் நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கியதே அப்பாவின் அந்த ஒடுங்கலைத்தான். ஏன் ஒடுங்குகிறார் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. முனிராஜிடம் மட்டும் சொல்லிக்கொண்டு செட்டைவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

செல்வியோடு ஊருக்குப் போனேன். பாரூரில் அறுப்பு முடிந்திருந்தது. வீட்டு வாசலில் அப்பாவும் நானும் எதிரெதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அப்பா வேலை செய்த நிலத்துக்காரரின் மகன், ஊரில் எல்லோருக்கும் சின்னவர், தெருவோடு போனவர் என்னைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர்தான். என் காமெடி ஒன்றுவிடாமல் பார்ப்பவர்.

"அடேய் மாதேசு! எப்படா வந்த?" என்று கையை ஓங்கிக்கொண்டே பின்பக்கமாக வந்தார்.

என் தோள்கள் ஏறின. கழுத்து உள்ளே போனது. செல்வி வீட்டுக்குள் இருந்தாள். எதிரே இருந்த அப்பா என்னைப் பார்த்தார். தன் உடம்பை என் உடம்பில் பார்த்தார். இது எனக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் என்னை ஊரைவிட்டே அனுப்பினார்.

"சின்னவரே, கைய எறக்குங்க."

அப்பா சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன திம்மராயா, சும்மா ஆசைக்குத்தான..." என்று அப்பாவைப் பெயர் சொல்லி இழுத்தார்.

"எறக்குங்க."

சின்னவர் கையை இறக்கினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

வயலில் கை ஓங்கியவர்களிடம் அந்த வார்த்தையை அப்பா தனக்காக ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல முடிந்திருந்தால் அவர் வாழ்க்கையே வேறாக இருந்திருக்கும், ஒருவேளை என்னுடையதும். இந்த வயதில் எனக்காகச் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் தோள்களும் காதுவரை ஏறியிருந்தன. இருவர் தோள்களும் இறங்க வெகுநேரம் ஆயிற்று.