போர்டிகோவில் ஒரு சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா. சிட்லபாக்கத்துல எங்க தெருவுக்கே தெரியும். பாதி நீலம், பாதி பிரைமர், ரெண்டு கதவு, பேர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். எங்காத்து போர்டிகோவை அடைச்சுண்டு நிக்கறா. மழை வந்தா எங்காத்துக்காரர் மொதல்ல ஓடிப்போய் அவ மேல தார்ப்பாயை இழுத்து விடுவார். கொடியில காயற என் புடவை நனைஞ்சா நனையட்டும்.

எங்காத்துக்காரர் பட்டாபிராமன். ரயில்வே ஆபீஸ்ல வேலை பார்த்து ரிடையர் ஆனவர். எங்க பையன் பிரணவ் கைக்குழந்தையா இருக்கறச்சே, யாரோ காயலாங்கடையில போட இருந்த இந்தக் காரை வாங்கி இழுத்துண்டு வந்தார். "எல்லாத்தையும் சரி பண்ணி, மொத சவாரி உன்னைத்தான் மாடம்பாக்கம் கோவிலுக்கு அழைச்சுண்டு போவேன், காமு"ன்னார். பிரணவுக்குக் கல்யாணமே ஆயிடுத்து. நான் இன்னும் ஷேர் ஆட்டோவுலதான் அந்தக் கோவிலுக்குப் போயிண்டிருக்கேன்.

ஞாயித்துக்கிழமைன்னா அவர் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகள்லதான் கிடப்பார். ஒரு கைப்பிடி, ஒரு கண்ணாடி, ஏதோ ஒண்ணு கிடைச்சுட்டா போதும், மனுஷர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு! நான் புதுப் புடவை கட்டிண்டு எதிர்ல போய் நின்னா, "காமு, அந்த ஸ்பேனரை எடு"ம்பார். பத்திண்டு வராதா? எஞ்சின் ஸ்டோர் ரூம்ல துண்டு துண்டாக் கிடக்கு, எனக்கு அரிசி டப்பா வைக்க இடமில்லை. "வித்துத் தொலைங்கோ"ன்னு நான் சொல்லாத நாளே கிடையாது.

இந்த வருஷம் அவருக்கு முழங்கால் மடங்க மாட்டேங்கறது. கார் அடியில படுத்தார்னா எழுப்பி விட ஆள் வேணும். விஷயம் தெரிஞ்சு சேலையூர்லேர்ந்து ஸ்ரீவத்சன்னு ஒருத்தர் பெண்டாட்டியோட வந்தார். அவரும் பழைய கார் பைத்தியம்தான், ஆனா முடிச்சு ஓட்டற பைத்தியம்.

"சார், எனக்குக் கொடுத்துடுங்கோ. ஆயுதபூஜையை நீங்களே பண்ணிடுங்கோ. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், வந்து எடுத்துக்கறேன்"ன்னார்.

அதுக்குள்ள அவர் பெண்டாட்டி விஷ்ணுப்ரியா கதவைத் திறந்து முன் சீட்ல ஏறி உக்காந்துட்டா! ஒரு வார்த்தை கேக்கலை. "சூப்பரா இருக்கு மாமி! மொத டிரைவ் எங்களுக்கு மாடம்பாக்கம் கோவில்தான்"னா.

அந்தக் கார்ல நான் ஒரு தடவைகூட உக்காந்ததில்லை. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைப்பார். ஓடாத கார் எப்படிப் பழத்து மேல ஏறும்? தள்ளணும். அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுண்டு ஜம்முனு உக்காந்திருப்பார், நானும் பக்கத்தாத்துக்காராளும் மூச்சு வாங்கத் தள்ளுவோம். தள்ளறதுக்கு நான், கோவிலுக்குப் போறதுக்கு இவளா?

"காமுவைக் கேட்டுச் சொல்றேன்"னு அவாளை அனுப்பிட்டு, அவர் என் முகத்தைப் பார்த்தார். கார் விஷயத்துல என்னை ஒரு வார்த்தை கேட்டது அன்னிக்குத்தான்.

"நீ சரின்னா கொடுத்துடறேன், காமு. என்னால இனிமே முடியாது."

"பூஜை முடிஞ்சு சொல்றேன். ஆனா இந்தத் தடவை நான் உள்ள உக்காருவேன். நீங்க தள்ளுங்கோ"ன்னேன்.

ஆயுதபூஜை அன்னிக்கு அவளுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆச்சு. நான் பட்டுப்புடவையோட போய் ஸ்டியரிங்கைப் பிடிச்சுண்டேன். "நேராப் பிடி, பிரேக்கை மிதிச்சுடாதே"ன்னு சொல்லிட்டு அவர் பின்னால போனார். கார் மெதுவா அசைஞ்சுது. எலுமிச்சம்பழம் நசுங்கற சத்தம் கேட்டுது. வாடி, இன்னிக்கு நான் உன் மேலன்னு நினைச்சுண்டு, எதிர்ல இருந்த சின்னக் கண்ணாடியில பின்னால பார்த்தேன்.

பக்கத்தாத்துக்காராதான் தள்ளிண்டிருந்தா. எங்காத்துக்காரர் தள்ளலை. டிக்கி மேல கன்னத்தை வச்சுண்டு, கண்ணை மூடிண்டு, காரோட கூடவே நகர்ந்து வந்தார். கண்ணோரத்துல ஈரம். பாவி மனுஷர், பிரணவைப் பெத்துப் போட்டுட்டுப் படுத்திருந்தப்போகூட என் மேல அப்படிக் கன்னத்தை வச்சதில்லை!

இறங்கின கையோட ஸ்ரீவத்சனுக்கு போன் போட்டேன். "கார் கொடுக்கறதா இல்லை சார், மன்னிச்சுக்கோங்கோ"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

"என்ன காமு, நீதானே வித்துத் தொலைங்கோன்னு உசிரை எடுத்தே?"ன்னார் அவர்.

"வித்தா அவ மட்டுமா போவா? உங்க நெனப்பும் கூடவே சேலையூருக்குப் போயிடும். அங்க வந்து நான் காவல் காக்க முடியுமா? இங்கயே கிடக்கட்டும், என் கண்ணுக்கு எதிர்ல."

மனுஷர் முகத்துல அந்தப் புதுப்பேட்டைச் சிரிப்பு வந்துது. என்னைப் பார்த்துத்தான் சிரிச்சார். அவ என் முதுகுக்குப் பின்னாலதான் நின்னுண்டிருந்தா, இருந்தாலும் என்னைப் பார்த்துத்தான்.