வயிற்றில் இரண்டு வடை

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடும் செல்லையனுக்குக் குரல் கெட்டு மூன்று மாதமாகிவிட்டது. முழுசாகப் போய்விடவில்லை; தகரத்தில் மணலைத் தேய்ப்பதுபோல ஏதோ மிச்சமிருந்தது. பீடிக்கும் தொண்டைக்கும் சம்பந்தமே கிடையாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எல்லாம் சனி பகவான் வேலை என்று திருநள்ளாற்றுக்குப் போய்க் குளத்தில் முழுகி எழுந்தார். தலை ஈரம் காய்வதற்குள் அடுத்த பீடி.

"உள்ள ஏதோ முளைச்சிருக்கு. மயக்கம் கொடுத்துப் பாத்தாதான் நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியும்" என்றார் தொண்டை டாக்டர். அதன்பிறகு மனுஷனை ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப மனைவி காசியம்மா பட்ட பாடு, நிலையிலிருந்து தேரைக் கிளப்பியவர்களுக்குத்தான் புரியும்.

அன்று காலை மயக்க டாக்டர் ஆமெலி வந்தார். "காலையில ஏதும் சாப்பிட்டீங்களா ஐயா?"

"பச்சத்தண்ணி பல்லுல படல டாக்டரம்மா."

"கேட்டதுக்குக் காரணம் இருக்கு. குரல்வளைக்குள்ள டியூப் போட்டுட்டா அங்க பாக்க எடம் இருக்காது. அதனால டியூப் இல்லாம, மெல்லிசா ஒரு குழாய் வழியா நானே காத்த அடிச்சு அடிச்சு விடுவேன். நீங்களா மூச்சு விடமாட்டீங்க. அந்த நேரம் வயித்துல உள்ளது மேல வந்தா தடுக்க ஒண்ணும் கிடையாது. நேரா நுரையீரலுக்குத்தான் போவும்."

யாருடைய நுரையீரலையோ பற்றிய பேச்சுபோலச் செல்லையன் தலையாட்டினார்.

டாக்டர் நகர்ந்ததும், ஆஸ்பத்திரி அங்கியின் நாடாவைக் கட்டக் குனிந்த காசியம்மாவுக்கு அவர் மீசையிலிருந்து வெங்காய வாசனை வந்தது.

"எத்தனை?"

"ரெண்டு வடை. ஒரு டீ. வெறும் வயித்தோட இருந்தா மயக்கம் வந்துரும்டி."

மயக்கம் வரவழைக்கத்தான் அழைத்து வந்திருக்கிறது என்பதை அவருக்கு யார் சொல்வது.

"சொல்லித் தொலைச்சிராத" என்றார்.

சொன்னால் இன்றைக்கு நடக்காது. வெளியே விட்டால் ஆளைத் திரும்பப் பிடிக்க முடியாது. முளைத்தது தன்பாட்டுக்கு வளரும். சொல்லாவிட்டால் வடை நுரையீரலில். காசியம்மா வராந்தாவுக்குப் போனாள்.

"டாக்டரம்மா, இவரு ரெண்டு வடை தின்னுருக்காரு."

ஆமெலி திட்டவில்லை. "நாளைக்கு வச்சுக்கலாம். இன்னைக்கு இங்கயே இருக்கட்டும்."

"காட்டிக்குடுத்தவகூட இனிமே பேச்சே கிடையாது" என்றார் செல்லையன்.

"நல்லதுங்க. தொண்டைக்கும் அதான் வேணும்" என்றார் ஆமெலி.

காசியம்மா அவருடைய வேட்டி சட்டையைப் பையில் திணித்து மடியில் வைத்துக்கொண்டாள். முதுகு திறந்த அங்கியோடு ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போக, சந்தையையே அதட்டும் ஏலக்காரருக்கும் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் காலி வயிற்றோடு உள்ளே போனார். மூச்சோடு வெளியே வந்தார். முளைத்ததை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவைக் கேட்க அடுத்த வாரம் இருவரும் போனபோது, "கெட்டது இல்லைங்க" என்றார் தொண்டை டாக்டர்.

வெளியே வந்ததும் காசியம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"முட்டி வலி. செத்த நேரம் இருங்க."

ஏலத்துக்கு நேரமாகிறது என்று காலையிலிருந்து பறந்துகொண்டிருந்தவர், அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.