பலாலியில் நான் எழுதிய மகஜர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் நடந்தது இது. கண் வைத்தியரைப் பார்க்கச் சென்னைக்குப் புறப்பட்டிருந்தேன். வயது எழுபத்து மூன்று. பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன்.

காலை பதினொரு மணிக்கு நாங்கள் ஏறவேண்டிய விமானம் சென்னையிலிருந்தே கிளம்பவில்லை. அங்கே கடும் மழையாம். பன்னிரண்டுக்குச் சொல்கிறோம் என்றார்கள். பன்னிரண்டுக்குக் கேட்டால், ஒரு மணிக்குச் சொல்கிறோம் என்றார்கள். ஐம்பது பேரும் இருப்பதும் எழும்புவதும் கண்ணாடி வழியே வெறும் ஓடுபாதையைப் பார்ப்பதுமாக இருந்தோம். விமானக் கம்பனியின் கருமபீடத்தில், நீள மேசைக்குப் பின்னால், ஓர் இளம்பெண் மட்டும் நின்று எல்லோருக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிளேன் ஓடுறவர் கொடிகாமத்திலை தேங்காய் வாங்க இறங்கிட்டார் போலை" என்றார் அச்சுவேலிக்காரர் ஒருவர். சிரித்தோம். சிரித்து முடிந்ததும் கோபம் இன்னும் கூடியது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தெருவிளக்கு எரியாவிட்டாலும் பஸ் வராவிட்டாலும் ஒரு மகஜர் எழுதி, ஊரே கையொப்பமிட்டு, அதிகாரியின் கையில் கொடுத்துத்தான் பழக்கம். அப்படி எழுதுவதில் எனக்குப் பெயரும் உண்டு. தாளை எடுத்து ஐந்து பந்திகள் எழுதினேன். 'மனிதாபிமானமற்ற' என்ற சொல்லின் கீழ் கோடும் போட்டேன். பிறகு ஒவ்வொருவரிடமாகப் போய்க் கையொப்பம் வாங்கினேன்.

கருமபீடத்துக்கு அருகில் நின்ற ஒரு பெண்ணிடமும் நீட்டினேன். நாற்பது வயதிருக்கும். அழுது வீங்கிய முகம். ஏன் என்று கேட்கவில்லை. அவர் வாசிக்காமலே கையொப்பமிட்டுத் தந்தார்.

"பிள்ளை, இதை வாசிச்சுப் பாத்து, கிடைச்சதெண்டு திகதியோடை கையெழுத்து வையும்" என்று கருமபீடத்துப் பெண்ணிடம் கொடுத்தேன்.

"ஐயா, ஒரு அஞ்சு நிமிசம் தாங்கோ. முக்கியமான போன் கோல் ஒண்டு வரவேணும்."

"ரெண்டு மணித்தியாலமா இதைத்தானே சொல்லுறீர்!"

அந்த நேரம் மேசையிலிருந்த அவளுடைய கைப்பேசி அடித்தது. அவள் எடுக்கப்போனாள். நான் அதன்மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

"முதல்லை கையெழுத்து. பிறகு போனிலை கதையும்."

"அப்பிடிக் கேளுங்கோ மாஸ்ரர்!" என்று பின்னால் குரல்கள். பக்கத்தில் நின்ற அந்த அழுத முகத்துப் பெண் "ஐயா, ஒருக்கா..." என்று ஏதோ சொல்ல வந்தார். மற்றக் கையைக் காட்டி அவரையும் அடக்கினேன். என் கையின் கீழே அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அவள் கையொப்பமிட்டாள். நான் கையை எடுத்தேன்.

அவள் உடனே அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தாள். பேசி முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தச் சீற்றை வேறை ஆருக்கோ குடுத்திட்டினமாம்."

அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் தாய் முதல்நாள் சென்னையில் இறந்துபோனார். மறுநாள் காலை தகனம். எங்கள் விமானம் அன்று வராமலும் போகலாம் என்று நினைத்த கருமபீடத்துப் பெண், கொழும்பிலிருந்து இரவில் போகும் விமானத்தில் மிஞ்சியிருந்த ஓர் இடத்தை அவருக்காகக் கேட்டிருக்கிறாள். கொழும்புக்கு ஏற்றிப்போக ஒரு வான் வண்டியும் வெளியே நின்றது. 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றிருந்த அழைப்பு அது.

நாலு மணிக்கு எங்கள் விமானத்தை ரத்துச் செய்தார்கள். இனி மறுநாள் மத்தியானம்தான் என்றார்கள்.

தாயை இழந்த அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பிள்ளை, சத்தியமா எனக்குத் தெரியாது."

"நீங்கள் கேக்கேல்லைத்தானே ஐயா" என்றார் அவர். அதில் கோபம் இருக்கவில்லை. நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கு மத்தியானம் போய் ஆரின்ரை முகத்தைப் பாக்கிறது?" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் எடுக்க நடந்தார்.

கோபம் எனக்கு இன்றும் வருகிறது, வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வரிசை நகராமல் நின்றால் கை பேனையைத் தேடுகிறது, ஆனால் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் நிற்பவரிடம் "உங்களுக்கு என்ன அவசரம்?" என்று கேட்டுவிடுகிறேன், ஒரு மகள் தன் தாயைக் கடைசியாகப் பார்ப்பதைத் தடுத்த பிறகுதான் இந்த ஒரு கேள்வியை நான் கற்றுக்கொண்டேன்.