மகளின் உயரத்துக்கு ஒரு சோடி ஸ்கீ

றோசலின் பனியில் சறுக்கப் பழகுகிறாள் என்பது கியூபெக்கின் லாசாலில் ஈ காக்கைக்கும் தெரியாது. பங்குக் கோயில் பெண்களிடம் சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தாள். கணவனை இழந்த நாற்பத்தாறு வயதுக்காரி மலையில் போய் வழுக்கி விளையாடுகிறாள் என்று தெரிந்தால் தவக்காலம் முழுவதும் அவர்களுக்கு வாய்க்கு வேலைதான்.

விளையாட்டுக்காக அவள் போகவில்லை. கணவன் அம்புறோஸ் இறந்து நாலு வருடம். ஒரே மகள் அஜிதா, நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறாள். சிநேகிதிகளோடு அங்கேயே அறை எடுத்து இருக்கிறாள். பனி விழத் தொடங்கினால் சனிக்கிழமைகளில் அவளை மலையில், சறுக்குகிற கூட்டத்துக்குள்தான் தேடவேண்டும். மற்ற நாட்களில் வந்தாலும் கறிப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு, போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றாமலே போய்விடுவாள். றோசலினுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. அங்கே இயந்திரச் சத்தத்துக்குள் யாரோடும் கதைக்க முடியாது. வீட்டுக்கு வந்தால் கதைக்க ஆளில்லை. சில வாரங்களில் வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை, பூசையில் பாடுவதைத் தவிர, அவள் வாயே திறப்பதில்லை. அது அவளைப் பயமுறுத்தியது.

மகள் வீட்டுக்கு வராவிட்டால் மகள் இருக்கும் இடத்துக்குத் தானே போவது என்று முடிவு செய்தாள். நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மலை ஒன்றில், ஸ்கீ என்ற நீளச் சறுக்குப் பலகைகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஆறு வயதுக் குழந்தைகளின் வகுப்பில் போய் நின்றாள். பிள்ளைகள் சர்ரென்று இறங்கினார்கள், இவள் விழுந்தாள். எழுப்பிவிட்டார்கள், மறுபடி விழுந்தாள். முதல் குளிர்காலம் அப்படியே போயிற்று. 2006 பிறந்தபோது, இரண்டாவது குளிர்காலத்தில், உச்சியிலிருந்து அடிவாரம் வரை விழாமல் வந்து சேர்ந்தாள். இனி மகளுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் வாடகை ஸ்கீயோடு போய் நிற்க மனம் ஒப்பவில்லை. சொந்தமாக ஒன்று இருந்தால்தான் தானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று நினைத்தாள்.

அதற்காக ஆற்றைக் கடந்து லொங்குய்ய் போனாள். அந்தப் பக்கத்து ஸ்கீக் கடையில் கோயில் ஆட்கள் எவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். கடைக்காரர் பொறுமையான மனிதர். எங்கே சறுக்குகிறாய், எப்படிச் சறுக்குகிறாய், யாரோடு சறுக்குகிறாய் என்று விசாரித்தார். மகளோடு என்றாள் றோசலின். இன்னும் நடக்காததை நடந்ததாகச் சொன்னாள்.

அப்படியானால் எல்லாப் பாதைக்கும் பொருந்துகிற வகைதான் சரி என்றார் அவர். இறுகிய பனிக்கென்று ஒடுக்கமான ஸ்கீ உண்டு. ஆழமான புதுப்பனிக்கென்று அகலமானது உண்டு. இது இரண்டுக்கும் நடுவில் நின்று ஓரளவு எல்லாம் செய்யும். கியூபெக்கில் பாதிப் பனி ஐஸ்தான், அதனால் அகலத்துக்கு ஆசைப்படாதே, ஓரம் ஐஸை நன்றாகக் கடிக்கிறதா என்று பார் என்றார். அவள் ஓரங்களை விரலால் தடவி, நுனியை வளைத்துப் பார்த்து, கடைசியில் கருநீலச் சோடி ஒன்றில் வந்து நின்றாள். அந்த வகையில் இருந்த பல நீளங்களில் ஒன்றை எடுத்து அவர் அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நாடி வரை வந்தது. இதுதான் உன்னுடையது என்றார்.

அங்கேதான் எங்கள் தாய்மாருக்கே உரிய அந்தக் குணம் தலைதூக்கியது. அஜிதா சிநேகிதி ஒருத்தியின் பழைய ஸ்கீயில் அல்லவா ஓடுகிறாள், இதை அவளும் பாவிக்கலாமே. பிள்ளை பிறந்த நாளிலிருந்து றோசலின் தனக்கென்று அளவு பார்த்து எதையுமே வாங்கியதில்லை. குளிர்க் கோட்டைக்கூட மகளுக்கும் ஆகுமா என்று பார்த்துத்தான் வாங்கினாள். தலைக்கு மேலே கையைத் தூக்கி மகளின் உயரத்தைக் காட்டினாள். கடைக்காரர் தலையை ஆட்டினார். அந்த நீளத்தை உன்னால் திருப்ப முடியாது, உன் உடம்புக்கு வாங்கு என்றார். சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பூட்டை இன்னொருவரின் சப்பாத்துக்கும் மாற்றலாமா என்று இவள் கேட்டாள். மாற்றலாம். அப்படியென்றால் நீளமானதையே தாருங்கள் என்றாள். இது உனக்கா, மகளுக்கா என்று அவர் திரும்பவும் கேட்டார். இரண்டு பேருக்கும் என்றாள்.

மகள் வரவிருந்த வெள்ளிக்கிழமை மாலை, வாசலைத் திறந்ததும் கண்ணில் படும்படி அதைச் சுவரில் சாத்தி வைத்தாள். ஆருடையது என்று மகள் கேட்பாள். என்னுடையது என்று இவள் சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லைச் சமைக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஜிதா ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கீயைத் தூக்கித் தன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது.

“அம்மா, இது எனக்கோ?”

கண் கலங்கிப் போய், ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்தாள். அப்படிக் கட்டிப்பிடித்து எத்தனையோ மாதம். அந்தப் பிடிக்குள் நின்றுகொண்டு எந்தத் தாய்க்கு வேறு பதில் வரும்?

“ஓம் பிள்ளை. வேற ஆருக்கு?”

“நாளைக்கு நீங்களும் வாங்கோவன். உள்ளுக்க சூடா இருந்து கண்ணாடியால பாக்கலாம். நான் இறங்கி வாறதைக் காட்டுறன்.”

மகள் தன்னை மலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. றோசலின் போனாள். அடிவாரத்து உணவுச்சாலையில், கையில் சூடான சாக்லேட்டோடு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தாள். மகள் திரும்பும்போது பின்பக்கம் சாய்கிற பிழை அவளுக்குத் தெரிந்தது. தானும் அங்கே நிற்கக்கூடியவள்தான் என்று நினைத்தாள். ஆனால் இப்போது அதைச் சொன்னால் கொடுத்ததைப் பறித்த மாதிரி ஆகிவிடும். 

மத்தியானம் அஜிதா சிவந்த கன்னங்களோடு உள்ளே வந்து, தாயின் கோப்பையிலேயே ஒரு வாய் குடித்தாள்.

“தனிய இருந்து அலுத்துப்போச்சோ அம்மா?”

“இல்லை பிள்ளை,” என்றாள் றோசலின். “எனக்குப் பழகிப்போச்சு.”

அஜிதா சிரித்துக்கொண்டே கையுறைகளை மாட்டிக்கொண்டு மறுபடி மேலே போனாள்.